டேபிள்ல அடிச்ச நம்பர் எங்க போச்சு? எடிட் பண்ற டேபிள் கோளாறுகள், அறிகுறி வாரியா

மலேசியாவுல சுங்கை சிப்புட் வட்டாரத்துல தோட்ட ஆபீஸ், கூட்டுறவுக் கடை, லோரி கம்பெனின்னு சின்னச் சின்ன இடத்துக்கு ஆப் எழுதிக் கொடுக்கறவங்கள கேட்டுப் பாருங்க, லாகின் பக்கம் சுலபமா முடிஞ்சிடும், ரிப்போர்ட்டும் முடிஞ்சிடும், உயிர வாங்கறது அந்த எடிட் பண்ற டேபிள்தான். கிராணிங்க, அதாவது தோட்ட ஆபீஸ் கணக்கருங்க, காலாகாலமா செக்ரோல்ங்கற வேலைக் கணக்குப் புத்தகத்துல கட்டம் கட்டமா எழுதிப் பழகினவங்க, அப்பறம் எக்செல்லுக்கு வந்தாங்க, அதனால ஆப்லயும் கட்டம்தான் வேணும்னு கேப்பாங்க. அதுல தப்பே இல்ல, முப்பது பேரு இன்னிக்கு எத்தன செம்பனைக் குலை வெட்டினாங்கன்னு அடிக்க கட்டத்த விட வேகமான வழி கெடையாது. ஆனா கட்டத்துல அடிச்ச நம்பர் டேட்டாபேஸ் போய்ச் சேர்றதுக்குள்ள எத்தன கை மாறுதுன்னு தெரிஞ்சாதான் எங்க தொலையுதுன்னு புடிக்க முடியும்.

செல்ல டபுள் கிளிக் பண்ணதும் அது மேல ஒரு இன்புட் பெட்டி வருது பாருங்க, அதுதான் எடிட்டர், அதுக்குள்ள இருக்கறது வெறும் எழுத்து, இன்னும் டேட்டா ஆகல. எண்டர் தட்டினா கமிட். கமிட் ஆனதும் எழுத்த நம்பராவோ தேதியாவோ மாத்தறது பார்ஸ். அப்பறம் அது உங்க டேட்டாவுல எழுதப்படுது, அந்த டேட்டாவ பாத்து டேபிள் மறுபடி தன்ன வரைஞ்சிக்குது, கடைசியா சர்வருக்குப் போகுது. இந்த ஆறு இடத்துலயும் ஒரு கன்சோல் லாக் போட்டு வைங்க, மதிப்பையும் அதோட டைப்பையும் சேத்து அச்சடிங்க. எந்த இடம் வரைக்கும் சரியா வந்துச்சு, எங்க மாறுச்சுன்னு தெரிஞ்சிட்டா பாதி வேல முடிஞ்சுது. பெரும்பாலும் வேர் ஒண்ணுதான், அந்த நம்பருக்கு யாரு சொந்தக்காரங்கன்னு முடிவு பண்ணாம விட்டிருப்போம், டேபிள் ஒரு காப்பி வச்சிருக்கும், ஆப் ஸ்டேட் (ஆப் நினைவுல வச்சிருக்கற டேட்டா) ஒரு காப்பி வச்சிருக்கும், சர்வர் ஒரு காப்பி வச்சிருக்கும், மூணும் மூணு பக்கம் இழுக்கும்.

சரி, அறிகுறிக்கு வருவோம்.

"எல்லாம் ஏறுது, கடைசி ஆளு மட்டும் ஏறல"

கிராணியண்ணன் போன் போட்டு, "தம்பி, எல்லாரு கணக்கும் சரியா இருக்கு, கடைசியா அடிச்ச ஆளோட குலை மட்டும் காணோம்லா"ன்னு சொன்னாருன்னா கோடத் தொறக்கறதுக்கு முன்னயே ஒரு கேள்வி கேட்டுடுங்க.

"அண்ணே, கடைசி நம்பர அடிச்சிட்டு எண்டர் தட்டினீங்களா, நேரா சேவ் பட்டன அமுக்கினீங்களா?"

"நேரா சேவ்தான். அதான் சேவ்னு போட்டிருக்கே."

அவரு சொல்றது நியாயம். எடிட்டர் இன்னும் தொறந்தே இருக்கு, கமிட் ஆகல, உங்க சேவ் கோடு டேட்டாவப் பாக்குது, அங்க பழைய மதிப்புதான் இருக்கு, அதையே அனுப்பிட்டு பச்சைக் கலர்ல வெற்றின்னும் காட்டிடுது. வெப் ஆப்ல டேபிள் போட ஏஜி கிரிட்னு ஒரு ரெடிமேட் கம்போனன்ட் இருக்கு, அதுல இதுக்கு 'ஸ்டாப் எடிட்டிங் வென் செல்ஸ் லூஸ் ஃபோகஸ்'னு ஒரு செட்டிங் இருக்கு, நீங்களா போட்டாதான் வேல செய்யும், தானா வராது. ஜாவாவுல டெஸ்க்டாப் ஆப் எழுதற ஸ்விங்ல இருக்கற ஜேடேபிளுக்கும் இதே கதைதான், 'டெர்மினேட் எடிட் ஆன் ஃபோகஸ் லாஸ்ட்'ங்கற கிளையன்ட் பிராப்பர்ட்டிய ட்ரூன்னு வைக்கணும்.

செட்டிங் மட்டும் போட்டுட்டு நிம்மதியா போயிடாதீங்க, சேவ் பட்டன் கோட்லயே மொத வரியா எடிட்டிங்க நிறுத்துங்க. ஜேடேபிள்னா செல் எடிட்டரோட 'ஸ்டாப் செல் எடிட்டிங்' ட்ரூ இல்ல ஃபால்ஸ் திருப்பிக் கொடுக்கும், ஃபால்ஸ்னா அடிச்ச மதிப்பு செல்லாதுன்னு அர்த்தம், அப்ப சேவ் பண்ணவே கூடாது, அந்தச் செல்லையே செவப்பாக்கி நிறுத்தணும். அந்தப் பதில வாங்கிப் பாக்காமலே சேவுக்குப் போற கோடு நெறைய இருக்கு, அதுதான் மாசக் கடைசியில தலவலி.

"எண்டர் தட்டினதும் பழைய நம்பரே திரும்பி வந்துடுது"

இங்க கமிட் நடக்குது, ஆனா உங்க டேட்டாவுல யாரும் எழுதல, டேபிள் மறுபடி வரையறப்ப பழசையே காட்டுது. காரணம் கம்போனன்டுக்கு கம்போனன்ட் மாறும்.

ஸ்விங்ல அப்ஸ்ட்ராக்ட் டேபிள் மாடல வச்சு சொந்தமா மாடல் எழுதினீங்கன்னா, 'இஸ் செல் எடிட்டபிள்' மெத்தட ட்ரூ ஆக்கினா போதும்னு நெனச்சிடுவாங்க. 'செட் வேல்யூ அட்'டும் நீங்கதான் எழுதணும், அந்த கிளாஸ்ல அது ஒண்ணுமே செய்யாத காலி மெத்தட். எழுதினப்பறம் 'ஃபயர் டேபிள் செல் அப்டேட்டட்' கூப்பிட மறந்தா டேட்டா மாறியிருக்கும், மத்த இடத்துக்குச் சேதி போயிருக்காது. டீஃபால்ட் டேபிள் மாடல்னா தலகீழ், அதுல எல்லாக் கட்டமும் எடிட் ஆகும், ஐசி நம்பர் (அடையாள அட்டை எண்) கட்டம் உட்பட, அத நீங்கதான் பூட்டணும்.

ரியாக்ட்ங்கற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரில ஓடற எம்யூஐ டேட்டா கிரிட்ல 'பிராசஸ் ரோ அப்டேட்'னு ஒரு ஃபங்ஷன் கொடுப்பீங்க, அது கடைசியா எந்த வரியத் திருப்பிக் கொடுக்குதோ அதத்தான் கிரிட் காட்டும். சர்வருக்கு அனுப்பிட்டு ரிட்டர்ன் போடாம விட்டா கோளாறுதான். சர்வர் தப்புன்னு சொன்னா என்ன செய்யணும்ங்கறதுக்கு எரர் ஃபங்ஷன் ஒண்ணு தனியா இருக்கு, அதையும் கொடுத்துடுங்க, இல்லன்னா கன்சோல்ல மட்டும் ஒரு வரி வந்து நிக்கும், கிராணிக்குத் தெரியாது.

ஏஜி கிரிட்ல 'வேல்யூ செட்டர்' எழுதியிருந்தா மதிப்பு மாறினப்ப ட்ரூ திருப்பிக் கொடுக்கணும், மறந்தா ஒண்ணும் மாறலன்னு கிரிட் எடுத்துக்கும்.

டான்ஸ்டாக் டேபிள்ல எடிட்டுன்னு ஒண்ணே கெடையாது, அது தல இல்லாத வகை, வரிசை, ஃபில்டர், பக்கம் இதெல்லாம் கணக்கு போட்டுக் கொடுக்கும், கட்டத்த வரையறதும் அதுல இன்புட் வைக்கறதும் அடிச்சத ஸ்டேட்ல சேக்கறதும் உங்க பொறுப்பு. ரியாக்ட்ல அப்பிடி சேக்கறப்ப பழைய அர்ரேக்குள்ளயே கைய விட்டு மதிப்ப மாத்தி அதே அர்ரேய திருப்பி செட் பண்ணா, அது அதே ஆளுதானேன்னு ரியாக்ட் வரையாம விட்டுடும். புது அர்ரே, மாத்தின வரிக்குப் புது ஆப்ஜெக்ட், அவ்வளவுதான்.

இதெல்லாம் சரியா இருந்தும் சில நேரம் மட்டும் திரும்பி வருதுன்னா, அப்ப பின்னால ஏதோ ஒரு டைமர் சர்வர்லருந்து மொத்த டேட்டாவையும் மறுபடி இழுத்துக்கிட்டு இருக்கும், நீங்க அடிச்சது போய்ச் சேர்றதுக்கு முன்ன பழைய பட்டியல் வந்து மேல உக்காந்துக்கும். எடிட் நடக்கறப்பவும், அனுப்பினது முடியாம நிக்கறப்பவும் அந்த ரெஃப்ரெஷ நிறுத்தி வைங்க.

"ஒரு எழுத்து அடிச்சா கர்சர் ஓடிப் போயிடுது"

ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டேட் மாறுது, டேபிள் மறுபடி வரையுது, வரையறப்ப பழைய இன்புட்ட தூக்கிப் போட்டுட்டு புது இன்புட் வைக்குது, புதுசுக்கு ஃபோகஸ் இல்ல. ஏன் புதுசு வைக்குது? மூணு இடத்துல பாருங்க. காலம் (நெடுக்கு வரிசை) பட்டியல கம்போனன்ட் உள்ளயே எழுதியிருப்பீங்க, ஒவ்வொரு தடவையும் புதுப் பட்டியல் பொறக்கும், அத வெளிய தூக்குங்க, இல்ல யூஸ்மெமோவுல (ரியாக்ட்ல ஒண்ண மறுபடி உருவாக்காம வச்சிருக்கற வழி) வைங்க. ஒரு கம்போனன்ட் உள்ள இன்னொரு கம்போனன்ட எழுதியிருப்பீங்க, அதுவும் அதே கேஸ்தான். இல்லன்னா வரியோட கீ-ல (ரியாக்ட் அந்த வரிய அடையாளம் காணற பேர்) எடிட் ஆகற மதிப்பையே சேத்திருப்பீங்க, எழுத்து மாறினா கீ மாறும், கீ மாறினா வரியே வேற ஆளு.

போன் ஆப் எழுதற ஃப்ளட்டர்லயும் இது உண்டு, டெக்ஸ்ட் எடிட்டிங் கன்ட்ரோலர பில்ட் மெத்தடுக்குள்ள உருவாக்கினா ஒவ்வொரு பில்டுக்கும் புதுசா வந்து கர்சர் குதிக்கும். ஸ்டேட் கிளாஸ்ல ஒரு தடவ உருவாக்கி, டிஸ்போஸ்ல அழிங்க.

நல்ல பழக்கம் என்னன்னா, அடிச்சிக்கிட்டு இருக்கறப்ப அந்தச் செல்லே எழுத்த வச்சுக்கட்டும், எண்டரோ டேப்போ தட்டினா இல்ல வெளிய கிளிக் பண்ணா மட்டும் பெரிய டேட்டாவுக்கு அனுப்புங்க. எழுத்துக்கு எழுத்து மொத்த டேபிளையும் எழுப்ப வேணாம்.

நம்ம ஆளுங்களுக்கு மட்டும் வர்ற ஒரு கெளைக் கோளாறும் இருக்கு. தமிழ்ல பேர் அடிக்கறப்ப, ஒலிபெயர்ப்பு கீபோர்டுல பட்டியல்லருந்து சொல்லத் தேர்ந்தெடுக்க எண்டர் தட்டுவாங்க, கிரிட் அத எடிட் முடிஞ்சதுன்னு எடுத்துக்கிட்டு பாதிப் பேரோட கீழ் வரிக்குத் தாவிடும். சொந்தமா எடிட்டர் எழுதினா கீடவுன்ல 'இஸ் கம்போசிங்' ட்ரூவா இருந்தா எண்டர கண்டுக்காதீங்க. சஃபாரில அந்த நேரத்துல ஃபால்ஸ்னு பொய் சொல்லும், ஆனா கீகோடு 229ன்னு வரும், அதையும் சேத்துப் பாத்தா சரியாயிடும். இங்கிலீஷ்ல மட்டும் டெஸ்ட் பண்ற டெவலப்பருக்கு இந்தக் கோளாறு கண்ணுலயே படாது.

"ஒருத்தருக்குப் போட்டது இன்னொருத்தருக்கு ஏறிடுச்சு"

இந்தப் பட்டியல்லயே ஆபத்தானது இதுதான், ஏன்னா எந்த எரரும் வராது, சம்பள நாள்ல ஆளு வந்து ஆபீஸ் வாசல்ல நிக்கறப்பதான் தெரியும்.

மொத சந்தேகம் வரிசை எண். கிராணி பேர் வாரியா அடுக்கறாரு, இல்ல தோட்டத்துல மூணாம் நம்பர் பகுதிய மட்டும் ஃபில்டர் பண்றாரு, திரையில அஞ்சாவது வரில இருக்கற ஆளு டேட்டாவுல இருபதாவது வரி. உங்க கோடு அஞ்சுங்கற எண்ண எடுத்து நேரா டேட்டாவுல அஞ்சாவத மாத்திடுது. ஜேடேபிள்ல 'கன்வெர்ட் ரோ இண்டெக்ஸ் டு மாடல்' போட்டு மாத்திக்கணும், இதுக்காகவே இருக்கற மெத்தட். வெப் கிரிட்கள்ல எண்ணையே தொடாதீங்க, ஏஜி கிரிட்ல 'கெட் ரோ ஐடி' கொடுங்க, டேபுலேட்டர்ங்கற இன்னொரு கிரிட் சும்மா விட்டா ஐடிங்கற பேர்ல இருக்கற ஃபீல்டத் தேடும், உங்க ஃபீல்டு பேர் வேறன்னா 'இண்டெக்ஸ்' ஆப்ஷன்ல சொல்லுங்க. ஒரே சோதனை போதும்: தலகீழா சார்ட் பண்ணுங்க, ஃபில்டர் ஒண்ணு போடுங்க, நடுவுல ஒரு செல்ல மாத்துங்க, ஃபில்டர எடுத்துட்டுப் பாருங்க.

அடுத்து, எத ஐடியா வச்சிருக்கீங்கங்கறது. பேர வச்சா ஒரே தோட்டத்துல ரெண்டு மாரியப்பன் இருப்பாங்க, அப்பா பேரோட சேத்து எழுதினாலும் தப்பிக்க முடியாது, ஏன்னா நம்ம பேருக்கு நடுவுல ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கு, அந்தச் சாய்வுக் கோடு பல இடத்துல பாதையப் பிரிக்கற குறி. கூகுளோட ஃபயர்பேஸ் ரியல்டைம் டேட்டாபேஸ்ல கீ-க்குள்ள சாய்வுக் கோடு, புள்ளி, டாலர், ஹேஷ், சதுர அடைப்புக்குறி எதுவும் கூடாது, ஃபயர்ஸ்டோர்லயும் டாக்குமென்ட் ஐடில சாய்வுக் கோடு ஆகாது. பேரையே பாதையா சேத்து எழுதின கோட்ல, ஏ-ங்கறதுல முடியற ஒரு ஃபோல்டரும் அதுக்குள்ள எல்-னு ஆரம்பிக்கற பிள்ளையும் தனியா பொறந்து நிக்கும், சீனர் பேரும் மலாய்க்காரர் பேரும் ஒழுங்கா ஏறியிருக்கும், நம்ம ஆளுங்க பேர் மட்டும் காணோம்னு ஆகும்.

அப்ப ஐசி நம்பர ஐடியா வைக்கலாமேன்னு தோணும். தோட்டத்துல இந்தோனேசியா, வங்காளதேசத்து ஆளுங்க இருக்காங்க, அவங்களுக்கு மைகார்ட்ங்கற மலேசிய அடையாள அட்டை கெடையாது, பாஸ்போர்ட்ட புதுப்பிச்சா நம்பர் மாறிடும். அதோட ஐசி நம்பர எங்க பாத்தாலும் லாக்லயும் லிங்க்லயும் தெரியவிடறது நல்லதுமில்ல. டேட்டாபேஸே உருவாக்கற, யாருக்கும் அர்த்தமில்லாத ஒரு ஐடிய மறைவா வச்சுக்குங்க, பேரும் ஐசியும் சும்மா காட்டற காலமா இருக்கட்டும்.

"கூட்டினா தாறுமாறா வருது"

120ம் 85ம் கூட்டினா 205 வரணும், 12085னு வருதா? எடிட்டர் கொடுத்தது எழுத்து, நீங்க பார்ஸ் பண்ணல. 9க்கு முன்னால 10 வந்து சார்ட் ஆகுதா? அதே நோய்தான். ஏஜி கிரிட்ல 'வேல்யூ பார்சர்', எம்யூஐல காலம் டைப்ப நம்பர்னு சொல்லுங்க, ஸ்விங்ல 'கெட் காலம் கிளாஸ்'ல இன்டிஜரோ டபுளோ சரியாச் சொல்லுங்க, இத விட்டா எல்லாமே ஆப்ஜெக்டுன்னு நெனச்சுக்கும்.

பார்ஸ் பண்றதுலயும் குழி இருக்கு. கிராணி 1,250.50னு கமா போட்டுதான் அடிப்பாரு, அவரு அப்பிடித்தான் பழகியிருக்காரு. ஜாவாஸ்கிரிப்ட்ல பார்ஸ்ஃப்ளோட் அந்தக் கமால நின்னு 1னு திருப்பிக் கொடுத்துடும், சத்தமே இல்லாம ஆயிரத்து இருநூத்தம்பது வெள்ளி ஒரு வெள்ளி ஆயிடும். நம்பர் ஃபங்ஷன் அதுக்கு என்ஏஎன் (இது நம்பரே இல்லன்னு அர்த்தம்) கொடுக்கும், அதுவாவது கத்துதேன்னு சந்தோஷப்படலாம், ஆனா அதே நம்பர் ஃபங்ஷன் காலி எழுத்துக்கு 0 கொடுக்கும். செக்ரோல்ல காலியும் பூஜ்யமும் ஒண்ணு இல்ல. பூஜ்யம்னா ஆளு வேலைக்கு வந்தாரு, மழை, ஒண்ணும் வெட்டல. காலின்னா மண்டோர் (ஆளுங்களுக்கு மேற்பார்வையாளர்) இன்னும் கணக்கு கொடுக்கல. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா கணக்கு முடியாத நாள முடிஞ்சதா காட்டி மேனேஜர் கையெழுத்து வரைக்கும் போயிடும். அதனால மொத காலியா பாருங்க, காலின்னா நல் (மதிப்பே இல்ல), அப்பறம் கமாவ எடுங்க, அப்பறம் நம்பர் ஃபங்ஷன், என்ஏஎன் வந்தா தள்ளுங்க.

இன்புட்ட நம்பர் டைப்பா வச்சா இதெல்லாம் தீந்துடும்னு சில பேர் சொல்வாங்க, ஆனா சில பிரௌசர்ல ஃபோகஸ்ல இருக்கற நம்பர் இன்புட் மேல மவுஸ் சக்கரம் உருண்டா மதிப்பு கூடிக் கொறயும், கிராணி பக்கத்த கீழ இறக்கறேன்னு உருட்டுவாரு, 18 குலை 15 ஆயிடும். எழுத்து இன்புட் வச்சு இன்புட்மோட மட்டும் டெசிமல்னு போடுங்க, போன்ல நம்பர் கீபோர்டும் வரும், இந்தத் தொல்லையும் இல்ல.

பணக் கட்டத்துல 0.1ம் 0.2ம் கூட்டினா 0.30000000000000004 வரும், அது டேபிளோட தப்பில்ல, ஃப்ளோட்டிங் பாயின்ட்டோட குணம். சென் கணக்குல முழு எண்ணா சேத்து வைங்க, காட்டறப்ப மட்டும் நூறால வகுங்க. கூட்டுறவுக் கடைக்கு எழுதறவங்க இன்னொண்ணையும் கவனிங்க, 2008 ஏப்ரல் 1லருந்து ரொக்கமா கட்டற பில்ல கிட்டத்துல இருக்கற 5 சென்னுக்கு ரவுண்டு பண்றோம், ஆனா அது மொத்தத் தொகைக்குத்தான், ஒவ்வொரு சாமானுக்கும் இல்ல. ஒவ்வொரு செல்லுலயும் ரவுண்டு பண்ற ஃபார்மேட்டர் போட்டு, அந்த ரவுண்டான எழுத்தையே கூட்டிட்டா கல்லாப்பெட்டி ஒரு நாளும் ஒத்து வராது.

எக்செல்லருந்து ஒட்டறப்ப ஐசி நம்பருக்கு ரெண்டு விதமான கதி. 2000லருந்து 2009 வரைக்கும் பொறந்த பிள்ளைங்க ஐசி 0ல ஆரம்பிக்கும், நம்பர் காலம்னா அந்தப் பூஜ்யம் போயிடும், 12 இலக்கம் 11 ஆயிடும், இல்ல இன்னும் கொறஞ்சிடும். பழைய ஆளுங்க ஐசில இன்னொரு கூத்து, எக்செல்ல ஜெனரல் ஃபார்மேட்ல 12 இலக்கம் தொட்டதும் அறிவியல் குறியீட்டுக்கு மாத்திக் காட்டும், 9.00101ன்னு போட்டு பக்கத்துல ஒரு ஈ, அப்பறம் +11. காப்பி பண்ணா கண்ணுக்குத் தெரியற அந்த எழுத்துதான் வந்து ஒட்டும், மிச்ச இலக்கம் திரும்பி வராது. எக்செல்ல அந்தக் காலத்துக்கு 000000000000ன்னு 12 பூஜ்யம் போட்ட கஸ்டம் ஃபார்மேட் வச்சப்பறம் காப்பி பண்ணச் சொல்லுங்க, உங்க பக்கம் ஐசி காலம் எழுத்தாவே இருக்கட்டும், நடுவுல வர்ற சின்னக் கோட்ட (-) நீக்கினா சரியா 12 இலக்கமான்னு மட்டும் பாருங்க.

"தேதி ஒரு நாள் பின்னால போகுது"

நம்ம மலேசிய நேரம் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால. மார்ச் 5ந்தேதி ராத்திரி 12 மணிங்கறது யூடிசில மார்ச் 4 சாயங்காலம் 4 மணி. டேட் பிக்கர் உள்ளூர் நடுநிசியக் கொடுக்கும், நீங்க 'டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்' போட்டு மொத பத்து எழுத்த வெட்டி அனுப்புவீங்க, அது 4ந்தேதி. அமெரிக்காவுல இருக்கறவன் எழுதின எடுத்துக்காட்ட அப்பிடியே எடுத்தா அங்க சாயங்காலம் எடிட் பண்றவனுக்குத்தான் தப்பு வரும், இங்க நடுநிசித் தேதி எல்லாமே தப்பு. வேலை நாளுக்கு நேரமே வேணாம், வருஷம் மாசம் நாள் மட்டும் எழுத்தா வச்சு, எழுத்தாவே அனுப்பி, எழுத்தாவே சேருங்க.

இத சரிபண்றேன்னு எல்லாத் தேதிக்கும் கண்ண மூடிக்கிட்டு 8 மணி நேரம் கூட்டற ஆளுங்களும் உண்டு. பொறந்த தேதிக் காலத்துல அது காலை வாரும். தீபகற்ப மலேசியா 1982 வரைக்கும் யூடிசிக்கு ஏழரை மணிதான் முன்னால இருந்துச்சு, 1982 ஜனவரி 1லதான் 8 ஆச்சு, பிரௌசரோட டைம்சோன் கணக்குக்கு அது நல்லாத் தெரியும். அதனால 1975ல பொறந்தவரோட உள்ளூர் நடுநிசிக்கு 8 மணி கூட்டினா அரை மணி தள்ளி நிக்கும், கழிக்கற பக்கம் போனா முந்தின நாள் பதினொன்றரை. எளவட்டங்களுக்கு சரியா இருக்கு, வயசானவங்களுக்கு மட்டும் பொறந்த நாள் தப்புன்னு யாராச்சும் சொன்னா சிரிக்காதீங்க, இதுதான்.

"ஒரு செல்ல மாத்தினா ஆப் அப்பிடியே தொங்கிடுது"

செல் மாறினா மொத்தத்தக் கணக்கு போட்டு மொத்தக் கட்டத்துல எழுதறீங்க, மொத்தக் கட்டமும் ஒரு செல்தான், அது மாறினதும் அதே ஃபங்ஷன் மறுபடி ஓடும். ஹேண்ட்ஸ்ஆன்டேபிள்ங்கற கிரிட்ல 'ஆஃப்டர் சேஞ்ச்'சுக்கு சோர்ஸ்னு ஒரு மதிப்பு வரும், நீங்களே எழுதினதுக்கு ஒரு பேர் கொடுத்து அந்தப் பேர் வந்தா திரும்பிடுங்க. ஆனா நல்ல வழி மொத்தத்த எங்கயும் எழுதாம இருக்கறது, ஏஜி கிரிட்ல 'வேல்யூ கெட்டர்' மாதிரி, பாக்கறப்ப கணக்கு போட்டுக் காட்டட்டும். டேட்டாபேஸ்லயும் அதுக்கு இடம் வேணாம்.

"சேவ் ஆனதும் டேபிள் மேல குதிச்சிடுது"

மொத்த டேட்டாவையும் புதுசா கொடுக்கறீங்க, கிரிட் மொதல்லருந்து வரையுது. டேபுலேட்டர்ல 'செட் டேட்டா'வுக்குப் பதிலா 'ரிப்ளேஸ் டேட்டா' போட்டா ஸ்க்ரோல் அதே இடத்துல நிக்கும், ஒரே வரின்னா 'அப்டேட் டேட்டா' போதும். ஏஜி கிரிட்டுக்கு மேல சொன்ன 'கெட் ரோ ஐடி' கொடுத்தாலே இது அடங்கும். கீழ உருட்டி மேல வந்தா நீங்களே கட்டத்துல வச்ச இன்புட்ல அடிச்சது காணோம்னா, கண்ணுக்குத் தெரியற வரிய மட்டும் வரையற கிரிட்ல எழுத்த இன்புட்லயே விட்டு வச்சிருக்கீங்க, டேட்டாவுல எழுதுங்க.

இவ்வளவு பண்ணியும் ஒத்து வரலன்னா, கம்போனன்டே தப்பா இருக்கலாம்

தேர்வு செய்யறப்ப டெமோ பக்கத்துல கலர்கலரா இருக்கறத பாக்காதீங்க, யாரு அடிக்கப் போறாங்கன்னு பாருங்க. ஆபீஸ்ல உக்காந்து நம்பர்பேட்ல பாக்காமலே அடிக்கற கிராணிக்கு எண்டர் தட்டினா கீழ போகணும், டேப் தட்டினா பக்கத்துல போகணும், அவரு கேக்கற மொத கேள்வி "எக்செல்லருந்து காப்பி பண்ணி ஒட்டலாமா?"ங்கறதுதான். அந்த ஒரு கேள்வியே பாதி பட்டியல அடிச்சிடும். ஏஜி கிரிட்ல எடிட் பண்றது இலவச கம்யூனிட்டி பதிப்புல இருக்கு, ஆனா கிளிப்போர்டும் இழுத்து நிரப்பறதும் காசு கொடுக்கற எண்டர்பிரைஸ்ல. ஹேண்ட்ஸ்ஆன்டேபிள் எக்செல் பழக்கத்துக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கும், ஆனா 2019ல வந்த 7.0.0லருந்து அது எம்ஐடி லைசென்ஸ் (வியாபாரத்துக்கும் இலவசமா எடுத்துக்கலாம்) இல்ல, வியாபாரத்துக்குன்னா வாங்கணும், 6.2.2தான் கடைசி எம்ஐடி பதிப்பு. அந்தப் பழசையே எடுத்து ஓட்டலாம்னு நெனப்பீங்க, யாரும் பழுது பாக்காத பழசு, என்னக் கேட்டா வேணாம். டேபுலேட்டர் எம்ஐடி, கிளிப்போர்டு உள்ளயே இருக்கு, சின்ன ஆபீஸ் வேலைக்கு நான் மொதல்ல எடுக்கறது அதத்தான். டான்ஸ்டாக் எடுத்தா தோற்றம் முழுக்க உங்க கைல, உழைப்பும் உங்க கைல.

மண்டோர் வேற கதை. அவரு குலைய அடுக்கற பிளாட்பார்ம் பக்கத்துல ஒரு கைல குச்சியும் ஒரு கைல போனுமா நிப்பாரு, கட்டை விரல்ல அடிப்பாரு, வெயில்ல திரை சரியா தெரியாது. அவருக்கு பத்து காலம் டேபிள் கொடுக்கறது கொடுமை. ஆளுக்கு ஒரு அட்டை, பேர் பெருசா, குலை எண்ணிக்கைக்கு கூட்டு கழி பட்டன், உதிரிப்பழத்துக்கு ஒரு பெட்டி, போதும். ஃப்ளட்டரோட டேட்டாடேபிள்ல எடிட் தானா வராது, பென்சில் ஐகான் காட்டலாம், தட்டினா என்ன செய்யணும்னு நீங்கதான் எழுதணும், காலம் அகலத்த அளக்கறதுக்கே அது நெறைய வேல செய்யும்ங்கறதால நீளப் பட்டியலுக்கு லிஸ்ட்வியூ எடுங்க. ஒரே டேட்டா, ரெண்டு திரை, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

"ஆபீஸ்ல திருத்தினது ராத்திரி மாறிப் போச்சு"

தோட்டத்துக்குள்ள லைன் வராது, மண்டோர் போன்லயே சேத்து வச்சிருப்பாரு, சாயங்காலம் டவுன் பக்கம் வந்ததும் எல்லாம் ஏறும். அதுக்குள்ள மத்தியானமே கிராணி அதே ஆளோட கணக்க போன்ல கேட்டு ஆபீஸ்ல திருத்தியிருப்பாரு. போன் மொத்த வரியையும் அனுப்பினா, மண்டோர் தொடாத காலமும் பழைய மதிப்போட ஏறி கிராணி திருத்தினத அழிச்சிடும். மாறின செல்ல மட்டும் அனுப்புங்க, அதோட மாத்தறதுக்கு முன்ன என்ன இருந்துச்சுங்கற பழைய மதிப்பையும் சேத்து அனுப்புங்க. சர்வர்ல இருக்கறதும் அந்தப் பழைய மதிப்பும் ஒண்ணா இருந்தா எழுதலாம், இல்லன்னா 409ங்கற 'மோதல்' எரரத் திருப்பிக் கொடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கிராணிகிட்ட காட்டணும், 18ஆ 15ஆன்னு அவரு மண்டோரக் கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும், கோடு தானா முடிவு பண்ண வேணாம். யாரு, எப்ப, எதுலருந்து எதுக்கு மாத்தினாங்கன்னு தனி டேபிள் ஒண்ணுல வரி வரியா எழுதி வைங்க, அத மட்டும் யாரும் எடிட் பண்ண முடியாத மாதிரி பூட்டிடுங்க.